கணினிப் பட்டத்துக்குப் பாடத்திட்டம் போடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியானால் தோட்டத்தில் ஒரே பேச்சுத்தான். யாருடைய பிள்ளைக்குக் கேம்பஸ் கிடைத்தது, எந்தக் கேம்பஸ், என்ன பாடம்? கிடைத்த வீட்டில் பட்டாசு வெடிக்கிறோம், கோயிலில் அர்ச்சனை வைக்கிறோம், பிள்ளைக்கு மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். அதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. உள்ளே போன பிள்ளை முதல் வருடம் என்ன படிக்கிறது, அதை யார் தீர்மானித்தார்கள், ஏன் சில பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

கணினிப் பட்டப்படிப்புகளில் இந்தக் கேள்விகள் அவசரமானவை. இப்போது ஆண், பெண் என்று பாராமல் நம் பிள்ளைகள் அதிகம் ஆசைப்படுகிற படிப்பு அது. பெற்றோர் நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிட நினைக்கிற படிப்பும் அதுதான். சம்பளம், வீட்டுரிமை, காணி பற்றி எழுத வேண்டிய பத்திரிகையில் பாடத்திட்டம் எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். எந்தச் சட்டமும் யாரோ சிலர் உட்கார்ந்து எழுதியதுதான். நாம் போய்ப் பேசாதவரை அதில் நம் நிலைமை இருக்காது. பாடத்திட்டமும் அப்படியே.

தேயிலைக்கும் கணினிக்கும் ஒரு பழைய உறவு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உலகில் வியாபாரக் கணக்கு வேலையை முதன்முதலாக ஒழுங்காகச் செய்த கணினி 1951-ல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டியது தேயிலை வாங்கிக் கலந்து விற்று, தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்திய லயன்ஸ் கம்பனி. கணினியின் பெயர் லியோ. பேக்கரிக் கணக்கில் தொடங்கி, ஊழியர் சம்பளக் கணக்கு, கடைகளின் தினசரிக் கட்டளைகள், தேயிலைக் கலவைக் கணக்கு என்று அந்த இயந்திரம் செய்தது. அதாவது வியாபார உலகத்துக்குள் கணினி வந்ததே நம் கொழுந்தை விற்றுப் பிழைத்த தொழிலின் வழியாகத்தான். இன்றைக்குக் கொழும்புத் தேயிலை ஏலமும் இணையத்தில் நடக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தோடு அந்த மாற்றம் வந்தது. மலையில் கொழுந்து பறிக்கிற கையும் கொழும்பில் விலை கேட்கிற கையும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. நடுவில் இருக்கிற கணக்கை எழுதுகிறவர்களாக நம் பிள்ளைகள் வரவேண்டும் என்பது பேராசை இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோட்டத்தில் எல்லாவற்றையும் 'ஐடி' என்கிறோம். டைப்பிங் வகுப்பும் ஐடி, தொலைபேசி திருத்துவதும் ஐடி, நான்கு வருடப் பட்டமும் ஐடி. கணினித் துறைக்கான பட்டப் பாடத்திட்டம் எப்படி இருக்கலாம் என்று அமெரிக்காவின் கணினியாளர் சங்கமான ஏசிஎம் 1968-ல் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பிறகு பல தடவை திருத்தி எழுதினார்கள். 2005-ல் வந்த அறிக்கை துறையை ஐந்தாகப் பிரித்தது. இயந்திரத்தையே வடிவமைப்பது கணினிப் பொறியியல். கணிக்கும் முறைகளையும் அவற்றின் அடிப்படையையும் ஆராய்வது கணினி அறிவியல். பலர் சேர்ந்து வருடக்கணக்கில் பாவிக்கக்கூடிய பெரிய மென்பொருளைக் கட்டுவது மென்பொருள் பொறியியல். ஒரு நிறுவனத்தின் வேலையைப் புரிந்து அதற்குரிய தகவல் ஏற்பாட்டைச் செய்வது தகவல் முறைமை. வலையமைப்பு, சேவையகம், பயனாளர் என்று எல்லாவற்றையும் ஓடவைத்துக் காப்பது தகவல் தொழினுட்பம். 2020 அறிக்கையில் இணையப் பாதுகாப்பும் தரவு அறிவியலும் இவற்றோடு சேர்ந்தன.

ஸ்டோரில் இயந்திரம் பூட்டுகிறவர், ரோலரை ஓட்டுகிறவர், தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்கிறவர், கணக்கு எழுதுகிறவர் எல்லாரையும் 'ஸ்டோர்க்காரர்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஒருவர் வேலையை மற்றவரிடம் கொடுக்க மாட்டோம். இதுவும் அப்படித்தான். விண்ணப்பப் படிவம் நிரப்புகிற நாளில் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பிள்ளை தனக்குப் பொருந்தாத பட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளாது.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2013-ல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. அதில் படித்தவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களில் தொழினுட்பப் பீடங்களும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பட்டமும் வந்தன. பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத தோட்டப்புறப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு இது திறந்த ஒரே கணினி வாசல் என்றே சொல்லலாம். அந்தப் பட்டத்தை இரண்டாம் தரமாகப் பார்க்கிற பார்வை நாட்டில் இருக்கிறது. பாடத்திட்டம் அந்தப் பார்வைக்குத் துணை போகக்கூடாது. கணினி அறிவியல் பட்டத்தில் இருந்து கணிதத்தைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் அது தகவல் தொழினுட்பப் பட்டம் ஆகாது. வலையமைப்பு, பாதுகாப்பு, முறைமைப் பராமரிப்பு என்று அதற்கென்று ஒரு முதுகெலும்பு உண்டு. அதைத் தாங்குகிற அளவு கணிதமும் வேண்டும். தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள் இவற்றைக் கற்பிக்க உயர்தரக் கணிதப் பிரிவு அவசியமில்லை. முதல் வருடத்தில் அடியில் இருந்து கட்டினால் போதும். 'இந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது' என்று விட்டுவிடுவது இரக்கம் போலத் தெரியும். அந்த இரக்கத்தின் விலையை வேலைக்குப் போகிற இடத்தில் பிள்ளைதான் கட்ட வேண்டும்.

'கம்பனிக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்' என்கிறவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. பாஸ்கல் படித்த காலம் ஒன்று இருந்தது. பிறகு சி, பிறகு ஜாவா, இப்போது பைதன். இந்த வருடம் கம்பனி கேட்கிற கருவியை மட்டும் கற்றவர் ஐந்து வருடத்தில் பழைய ஆளாகிவிடுவார். கொழும்பில் உறவினரும், மறுபடி படிக்கப் பணமும் உள்ளவர் சமாளிப்பார். நம் பிள்ளைக்கு இரண்டாவது தடவை கிடைக்காது. அதனால் நிலைத்து நிற்கிற அடிப்படை மற்றவர்களை விட நமக்குத்தான் அதிகம் தேவை. இப்போது நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுகிறதே என்பார்கள். எழுதட்டும். எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் யார் என்பதுதான் கேள்வி.

இனி முதல் வருடத்துக்கு வருவோம். நாங்கள் பாடம் எடுக்கிற வகுப்பறைகளில் இருந்து போன பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து சொல்வது அநேகமாக ஒன்றேதான்: பாடம் புரியாமல் இல்லை, பாடம் தொடங்கிய இடம் தெரியவில்லை. விரிவுரை ஆங்கிலம். பக்கத்தில் இருப்பவர் பத்து வயதில் இருந்து வீட்டில் கணினி வைத்திருந்தவர். அவர் கேட்கிற கேள்விக்கு விரிவுரையாளர் உற்சாகமாகப் பதில் சொல்கிறார். நம் பிள்ளை, தனக்கு மட்டும் மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

இது பிள்ளையின் குறை இல்லை, பாடத்திட்டத்தைக் கட்டிய விதத்தின் குறை. அதை நிரூபித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பட்டத்தில் 1995-ல் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு 7 பேர். ஏன் என்று ஆராய்ந்து, முன்பே நிரல் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை எடுத்து, முதல் பாடங்களையும் மாற்றினார்கள். 2000-ல் அது 42 ஆனது. கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்று ஒரு சிறிய கல்லூரி. அங்கே முதல் கணினிப் பாடத்தை இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். ஒன்று ஏற்கெனவே பழகியவர்களுக்கு, மற்றது புதியவர்களுக்கு. இரண்டும் முடிகிற இடம் ஒன்றே. மொழியையும் ஜாவாவில் இருந்து பைதனுக்கு மாற்றி, கணக்கு விளையாட்டுகளோடு நிற்காமல் உயிரியல், படம், எழுத்து என்று பல துறைப் பிரச்சினைகளைக் கொடுத்தார்கள். கணினிப் பட்டத்தில் பெண்களின் பங்கு பத்து சதவீத அளவில் இருந்து சில வருடங்களில் நாற்பது சதவீத அளவுக்கு உயர்ந்தது.

பரீட்சையை யாரும் இலகுவாக்கவில்லை. தொடங்குகிற இடத்தைத்தான் மாற்றினார்கள். அமெரிக்காவில் பெண்களுக்குப் பொருந்தியது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் முன்பழக்கம் இல்லாதவரைத் திறமை இல்லாதவர் என்று தவறாக எண்ணுகிற நோய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம் பிள்ளைகளில் பெண்பிள்ளைகள் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்கள்.

மொழி விடயத்தில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. முழுப் பட்டத்தையும் தமிழில் கேட்க வேண்டும் என்கிற தோழர்களின் உணர்வை மதிக்கிறோம். ஆனால் இந்தத் துறையில் கையேடும் ஆவணமும் வேலையும் ஆங்கிலத்தில்தான் ஓடுகின்றன. அதை மறைத்துப் பிள்ளையை அனுப்புவது நியாயமில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு. முதல் அரைவருடத்தில் விரிவுரைக்குப் பின் நடக்கிற சிறு வகுப்புகளில் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் வேண்டும். ஆங்கிலம் என்றால் பொதுவான கடிதமும் கட்டுரையும் மட்டும் போதாது. பிழைச்செய்தியை வாசிப்பது, கையேட்டைப் புரிந்துகொள்வது, தான் செய்ததை எழுத்தில் விளக்குவது என்று துறைக்கேற்ற ஆங்கிலத்தைப் பாடத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். அதற்குப் புள்ளியும் கிரெடிட்டும் கொடுக்க வேண்டும். கிரெடிட் இல்லாத பாடத்துக்கு நேரம் ஒதுக்கப் பிள்ளையாலும் முடியாது, பீடமும் நல்ல ஆசிரியரைப் போடாது.

கிரெடிட் என்றதும் ஒரு கணக்கு. இதைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது பிள்ளை 50 மணித்தியாலம் படிப்பது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். ஆகவே 6,000 மணித்தியாலம். இதில் விரிவுரைப் பாடம் என்றால் ஒரு கிரெடிட்டுக்கு வழக்கமாக 15 மணித்தியாலம்தான் விரிவுரை. மிச்சம் 35 மணித்தியாலமும் பிள்ளை தானே படிக்க வேண்டிய நேரம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் 45 மணித்தியாலம் வகுப்பு என்றால் 105 மணித்தியாலம் வகுப்புக்கு வெளியே. இந்த 105-ஐ எழுதியவர்களின் மனதில் ஒரு மேசை இருந்தது, விளக்கு இருந்தது, இணையம் இருந்தது, சொந்தமாக ஒரு மடிக்கணினி இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் ஆறு பேரோடு அந்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டவர் எவரும் இல்லை. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலையேறிப் படித்த பிள்ளைகளை நாடே பார்த்தது. பார்த்துவிட்டு மறந்தது.

ஒரு மடிக்கணினி எத்தனை நாள் பெயர் என்று கைக்காசு வேலையையும் சேர்த்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் ஆய்வுகூடம் இரவு எத்தனை மணிவரை, விடுமுறையில் திறந்திருக்குமா, கணினி இரவல் கிடைக்குமா என்பதெல்லாம் நிர்வாக விடயம் என்று தள்ளிவிட முடியாது. பாடத்திட்ட ஆவணம் மணித்தியாலத்தை எழுதினால், அந்த மணித்தியாலத்தைப் பிள்ளை எங்கே உட்கார்ந்து முடிக்கும் என்பதையும் எழுதட்டும்.

இடையில் வெளியேற நேர்கிறவர்களையும் நினைக்க வேண்டும். அப்பா விழுந்துவிட்டால், அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனால், மூத்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்கு வருவது நம் ஊர்களில் சாதாரணம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000-ல் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. முதல் வருடத் தேர்ச்சிக்கு டிப்ளோமா, இரண்டாவதுக்கு உயர் டிப்ளோமா, மூன்றாவதுக்குப் பட்டம். மழைக்கு ஒதுங்கிவிட்டுப் பிறகு நடக்கிற மாதிரி. தகைமைச் சட்டகமும் 30 கிரெடிட்டில் டிப்ளோமாவையும் 60 கிரெடிட்டில் உயர் டிப்ளோமாவையும் வைத்திருக்கிறது. உள்வாரிப் பட்டங்களிலும் இந்த நிறுத்தங்கள் தெளிவாக இருக்க வேண்டும். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரவும் வழி வேண்டும். மூன்று வருடம் படித்தும் கையில் ஒரு தாளும் இல்லாமல் வீட்டுக்கு வருவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

கைத்தொழில் பயிற்சி அடுத்தது. சில மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பழக வேண்டும் என்பது நல்ல விதி. நிறுவனங்கள் அநேகமாகக் கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான். போர்டிங், சாப்பாடு, பஸ். கொடுப்பனவு இல்லாத பயிற்சியைப் பட்டத்துக்குக் கட்டாயமாக்கினால், கூலி இல்லாத வேலையைச் சட்டமாக்கிய மாதிரித்தான். இதில் தொழிற்சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவது?

கடைசியாக, பாடத்திட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நம்மைப் போன்றவர்களுக்கு உயிர்நாடியான ஒன்று. பிரித்தானியாவில் தபால் அலுவலகங்களை நடத்துகிறவர்களுக்கு 1999-ல் இருந்து ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை கொடுக்கப்பட்டது. அது பிழையாகப் பணக் குறைவு காட்டியது. இயந்திரம் சொன்னதை நம்பி, பணம் எடுத்தார்கள் என்று 2015 வரை தபால் நிறுவனம் 700-க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றத் தீர்ப்பு வாங்கியது. பலர் சிறை சென்றார்கள், வீட்டை இழந்தார்கள், சிலர் உயிரை விட்டார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்வதே அங்கே நீதிமன்ற நடைமுறை. அலன் பேட்ஸ் என்பவர் தலைமையில் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து வழக்காடி, 2019-ல் உயர் நீதிமன்றத்தில் அந்த முறையில் பிழைகள் இருந்ததை நிலைநாட்டினார்கள். 2024-ல் தனிச்சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்துச் செய்தார்கள்.

கொழுந்து மடுவத்தில் இலத்திரனியல் தராசின் முன்னால் நிற்கிற தாய்மாருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதை முன்பு கணக்கப்பிள்ளை சொன்னார், அவரோடு சண்டை போட முடிந்தது. இப்போது 'மெஷின்தான் காட்டுது' என்கிறார்கள். மெஷினுக்குள் அந்தக் கழிவை ஒரு மனிதர்தான் எழுதினார். அவர் படித்த பட்டத்தில், கணக்கைப் பரிசோதிப்பது எப்படி, பிழையை ஒத்துக்கொள்வது எப்படி, பாதிக்கப்பட்டவர் தன் கணக்கைத் தானே பார்க்க வழிவிடுவது எப்படி என்று கற்பித்தார்களா? 2020 வழிகாட்டி, அறிவும் திறனும் மட்டும் போதாது, மனப்பாங்கும் சேர்ந்ததுதான் தகைமை என்கிறது. நல்லது. அதைக் கடைசி வருடத்தில் ஒரு ஒழுக்கப் பாடமாக வைத்து, பத்துக் கேள்வி கேட்டு முடித்துவிடக்கூடாது. தரவுத்தளம் கற்பிக்கிறபோதே பயிற்சிக்குச் செக்ரோலை எடுக்கட்டும். ஒரு தொழிலாளியின் பெயர், கிலோ, கழிவு, ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் கட்டுகிற 8 சதவீதம், தோட்டம் கட்ட வேண்டிய 12 சதவீதம். வங்கி வாடிக்கையாளரை வைத்துச் செய்கிற பயிற்சியை விட இதில் கற்க நிறைய உண்டு.

இவற்றை எல்லாம் யாரிடம் கேட்பது? பல்கலைக்கழகத் துறைகள் சில வருடங்களுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தைத் திருத்துகின்றன. அப்போது சம்பந்தப்பட்டவர்களை அழைத்துக் கருத்துக் கேட்பது முறை. கம்பனிகளின் அதிகாரிகள் போகிறார்கள், பழைய மாணவர்கள் போகிறார்கள். முதல் தலைமுறையாகப் பிள்ளையை அனுப்பிய சமூகம் போவதில்லை, அழைப்பும் வருவதில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழினுட்பத்துக்கும் பட்டம் உண்டு, கணினி அறிவியலுக்கும் பட்டம் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம். மாவட்டத் தலைவர்கள் எழுத்தில் கேட்கட்டும்.

அதற்கு முன் நம் கையில் விபரம் வேண்டும். கணினிப் பட்டம் படிக்கிற பிள்ளை உள்ள உறுப்பினர்கள், எந்த அரைவருடம், எந்தப் பாடத்தில் தடை, ஆய்வுகூடம் எத்தனை மணிவரை, பயிற்சிக்குக் கொடுப்பனவு கிடைத்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதித் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். தனியார் நிறுவனத்தில் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்து, பாடங்களின் பட்டியலையும் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பாடசாலை ஆசிரியரிடம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பரவாயில்லை, சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.